காலை எடுத்தால் மூட வேண்டும்

செம்பரம்பாக்கம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். கார் பைத்தியங்களுக்கு அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் வழி. பூந்தமல்லியைத் தாண்டி ஏரியையொட்டி மேற்கே போனால், ஹூண்டாய் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் 1990-இல் தங்களுக்கென்று திறந்த இடம் அது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர்.

இந்தச் சாலையோரப் பட்டறை ஒன்றில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் போட்டிக்காகக் கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய்களை வெல்டு செய்த சேஸிஸ், பின்னால் ஒரு பைக் இன்ஜின். எல்லாம் அழகாக வந்திருந்தது. பட்டறைக்காரர் குனிந்து ஆக்சிலேட்டர் பெடலைக் கையால் அழுத்திவிட்டு விட்டார்.

“நல்லா போகுதுல்ல அண்ணா?” என்றான் ஒரு பையன்.

“போறது இருக்கட்டும் தம்பி, திரும்பி வருதா பாரு.”

வரவில்லை. பெடல் மட்டும் மேலே வந்துவிட்டது. பின்னால், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலின் பட்டர்ஃபிளை, அதாவது அதன் தகடு, முக்கால்வாசி மூடி நின்றுவிட்டது. கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. சேஸிஸ் குழாயைச் சுற்றி அதை மிக நெருக்கமாக வளைத்திருந்தார்கள். உள்கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்து, அவுட்டர் உறையின் வாயில் முள் மாதிரி குத்திக்கொண்டிருந்தது. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான இழை. ஓடுகிற காரை நிற்காமல் செய்ய அது போதும்.

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் இன்ஜினுக்கு மாதக்கணக்கில் செலவிடுகிறார்கள், ஆக்சிலேட்டர் பெடலைக் கடைசி ராத்திரியில் மாட்டுகிறார்கள். இது தலைகீழ் வரிசை என்பது என் உறுதியான கருத்து. பெடலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. த்ராட்டிலில் கேபிள் சுற்றும் சக்கரத்தின் ஆரம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் வட்டம் திரும்ப, கேபிள் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் இழுபட வேண்டும். பாதம் 60 மில்லிமீட்டர் நகர்வது வசதி என்றால், பெடலில் பாதம் படும் இடம் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டரிலும், கேபிள் மாட்டும் துளை சுமார் 10 சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். துளை அச்சிலிருந்து இன்னும் விலகினால் லேசாகத் தொட்டாலே கார் பாயும். அச்சை நெருங்கினால் முழுசாக மிதித்தும் த்ராட்டில் பாதிதான் திறக்கும்.

பெடலுக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கட்டை கட்டாயம். த்ராட்டில் முழுதாகத் திறக்கும் அதே இடத்தில் பெடலும் முட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் பதற்றத்தில் மிதிக்கிற காலின் மொத்த பலமும் கேபிளின் மேல் இறங்கும். கேபிளுக்குப் பதில் ராடு போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து: முழு மிதியில் ராடும் லீவரும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிட்டால் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் லீவர் திரும்பாது. ரப்பர் மவுன்ட்டில் இன்ஜின் ஆடும்போது ராடு தானாகவே த்ராட்டிலை இழுத்தும் விடும். அதனால்தான் நான் கேபிள் கட்சி.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை சரியாக இல்லாவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். கிடைக்கிற இரும்பு வழி, பல சமயம், ஆக்சிலேட்டர் கேபிள்தான். சூடேறி, உள்ளுறை உருகி, கேபிள் இறுகிவிடும். புதுக் கேபிள் மாற்றியும் மறுபடி சிக்குகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் சொந்தமாகக் கார் கட்டும் கலைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. கோவையின் எஸ். கரிவர்தன் 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தப் பிரிவில்தான் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஃபார்முலா மாருதி கார்களில், முன்சக்கர இழுவைக் கார் ஒன்றின் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. பெடலோ முன்னால். இடையில் அந்த நீளக் கேபிள். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர் கார்களுக்கான போட்டி விதிகள் த்ராட்டிலுக்குக் குறைந்தது இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங் கேட்கின்றன. ஒன்று உடைந்தாலும் மற்றது தனியாக மூடிவிட வேண்டும். இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் தளத்தில் மே மாதம் ஒருவர், ஜூலையில் இன்னொருவர் என நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரின் இரு ஓட்டுநர்கள் சுவரில் மோதி இறந்தார்கள். த்ராட்டில் சிக்கியிருக்கலாம் என்றே சந்தேகிக்கப்பட்டது. அதன் பிறகுதான் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அங்கே ஸ்டியரிங்குக்கு வந்தது.

கார் கட்டும் தம்பிகளே, தங்கைகளே, முதல் ஓட்டத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஒருவர் பெடலை முழுசாக மிதித்து, சட்டென்று காலை எடுக்கட்டும். இன்னொருவர் பட்டர்ஃபிளையில் கண் வைத்திருக்கட்டும். அடுத்து, அதை மாட்டிவிட்டு மற்ற ஸ்பிரிங்கைக் கழற்றி அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் ‘டக்’ என்று மூடினால் தளத்துக்குக் கொண்டுபோங்கள். மூடாவிட்டால், போட்டி நாளையே என்றாலும், அந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள்.