ராஜபாளையம் வீட்டுக்கு லான் தேவையா? ஒரு சின்ன கணக்கு

சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை, ஊருல லோன் போட்டுக் கட்டுன வீடு, அதுல இருக்கிறது அப்பா அம்மா. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நம்ம வயசுக்காரங்க பலருக்கு இதுதான் நிலைமை. வீட்டு முன்னாடி 200 சதுர அடி கிடைச்சா உடனே லான் போட்டுடறோம். போட்டோல நல்லா இருக்கும். ஆனா அதுவும் ஒரு இ.எம்.ஐ. தாங்க, முடிவு தேதி இல்லாத இ.எம்.ஐ.

கணக்கு பார்ப்போம். 200 சதுர அடின்னா சுமார் 18.6 சதுர மீட்டர். கோடையில புல் பச்சையா இருக்கணும்னா ஒரு சதுர மீட்டருக்குத் தினமும் 5 லிட்டர்னு வச்சுக்கோங்க. தினம் 93 லிட்டர். 120 நாளைக்கு 11,000 லிட்டருக்கு மேல. 6,000 லிட்டர் லாரியில கிட்டத்தட்ட ரெண்டு லாரி. உங்க தெருவுல லாரி என்ன ரேட்டோ அதைப் போட்டுக்கோங்க.

அதே இடத்துல 12 செடி நட்டு, வேர் பிடிச்ச பிறகு வாரம் ரெண்டு தடவை ஆளுக்கு 10 லிட்டர் ஊத்தினா, அதே 120 நாளைக்குச் சுமார் 4,000 லிட்டர் போதும்.

உண்மையைச் சொன்னா, தண்ணியை விடப் பெரிய செலவு புல் வெட்டுற ஆள் கூலி. மாசம் 500 ரூபாய்னு வச்சாலே வருஷத்துக்கு 6,000. கூலி ஏறாம இருந்தாலும் 10 வருஷத்துல 60,000. ஆள் வரலைன்னா சித்திரை வெயில்ல ஓஸைப் பிடிச்சுட்டு நிக்கப்போறது நீங்க இல்ல, அப்பா.

இதுல ஒரு வேடிக்கை. பெர்முடா கிராஸ்னு காசு கொடுத்து வாங்குறோமே, அது நம்ம அருகம்புல்லோட இனம்தான். பக்கத்துத் தோட்டத்துல கூலி கொடுத்து அதைப் பிடுங்கிட்டு இருப்பாங்க!

அமெரிக்காவுல லாஸ் வேகாஸ் பக்கம் புல்லை எடுத்துட்டு வறட்சி தாங்குற செடி வச்சா தண்ணீர் வாரியமே பணம் தருது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆண்டாள் கிடைச்சதாச் சொல்ற பெரியாழ்வார் நந்தவனத்துல இருந்தது துளசியும் பூச்செடியும்தானே.

அதனால துளசி, நந்தியாவட்டை, செம்பருத்தி, மல்லி, கறிவேப்பிலை மாதிரி வைங்க. அரளி தண்ணியே கேக்காது, ஆனா விஷம். குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். முருங்கைக் கிளை சட்டுனு முறியும், கார் நிறுத்துற இடத்தை விட்டுத் தள்ளி வைங்க. காய்கறி பில் ஜீரோ ஆகிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கறிவேப்பிலையும் பூவும் மிச்சம், அவ்வளவுதான்.

"பேசாம சிமெண்ட் போட்டுடலாமே, தண்ணிச் செலவே இல்லையே?" அதை மட்டும் செய்யாதீங்க. வாசல் சூடு வீட்டுக்குள்ள வரும், மழைத்தண்ணி மண்ணுல இறங்காம ரோட்டுக்கு ஓடும். போர்வெல்லை நம்பி இருக்கிற வீட்டுக்கு அது நஷ்டம்.

வேலையை இப்பவே கோடையில ஆரம்பிச்சா முதல் வருஷமே தண்ணிச் செலவு எகிறும். ஆவணியில புல்லை வேரோட மண்வெட்டியால கொத்தி எடுங்க. துண்டு வேர் விட்டாலும் அருகு திரும்ப வரும். புரட்டாசி கடைசியில நடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைப் பார்த்துக்கும். செடியைச் சுத்தித் தேங்காய் மட்டை, காய்ஞ்ச இலை பரப்பி விடுங்க. நம்ம பக்கம் தென்னந்தோப்புக்கா பஞ்சம்? மொத்த லானையும் ஒரே வருஷத்துல மாத்தணும்னு இல்ல. போனஸ் வர்றப்போ பாதி, அடுத்த வருஷம் மீதி.