வெயில் ஊருக்குச் சூட்டு யோகாசனம் தேவையா?

புதுக்கோட்டையில் சித்திரை வெயில் பொல்லாதது. காலை 10 மணிக்கே தார் ரோடு கொதிக்கும். பாறையில் கால் வைக்க முடியாது. "வெயில் சதம் அடித்தது" என்று பத்திரிகையில் செய்தி வரும். சதம் என்றால் 100 டிகிரி.

இந்தச் சூட்டுக்குத் தப்ப மக்கள் என்னவெல்லாமோ செய்கிறார்கள். மோர் குடிக்கிறார்கள். வேப்ப மரத்து நிழலில் ஒதுங்குகிறார்கள்.

ஆனால், காசு கொடுத்து 105 டிகிரி சூட்டில் போய் நிற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்!

ஒரு பெரிய அறை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். எந்திரத்தால் அறையைச் சூடாக்கியிருப்பார்கள். காற்றில் ஈரமும் சேர்த்திருப்பார்கள். அதற்குள் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று யோகாசனம் செய்வார்கள். ஒன்றரை மணி நேரம்! வியர்வை ஆறாக ஓடும்.

இதற்கு "ஹாட் யோகா" என்று பெயர். தமிழில் "சூட்டு யோகாசனம்" என்று சொல்லலாம்.

எதற்காக இந்தச் சிரமம்? "மன இறுக்கம் தீருகிறது; வேலைத் தொல்லை மறக்கிறது" என்கிறார்கள் அதைச் செய்கிறவர்கள்.

உண்மைதானா? நமக்கும் அது தேவையா?

கல்கத்தாவில் பிறந்த கலை

இந்தச் சூட்டு யோகாசனத்தை உலகம் முழுவதும் பரப்பியவர் பிக்ரம் சவுத்ரி. கல்கத்தாக்காரர்.

இவருடைய குரு பிஷ்ணு கோஷ். கல்கத்தாவில் தேகப் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். "ஒரு யோகியின் சுயசரிதை" என்ற புகழ் பெற்ற நூலை எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி.

பிக்ரம் 1970-களில் அமெரிக்காவுக்குப் போனார். குருவிடம் கற்றவற்றிலிருந்து 26 பயிற்சிகளைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தினார். அவற்றில் 24 ஆசனங்கள். 2 மூச்சுப் பயிற்சிகள். அறையின் சூடு 105 டிகிரி என்று வைத்தார். குளிர் நாட்டு மக்களுக்கு அது புதுமையாக இருந்தது. கூட்டம் சேர்ந்தது. பணமும் சேர்ந்தது.

ஆசனத்துக்குச் சொந்தக்காரர் யார்?

"இந்த 26 பயிற்சிகளின் வரிசை எனக்கே சொந்தம். வேறு யாரும் என் அனுமதி இல்லாமல் சொல்லிக் கொடுக்கக் கூடாது" என்று பிக்ரம் வழக்குப் போட்டார்.

2015-ம் ஆண்டு அமெரிக்க மேல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஒரு கதைக்கோ பாட்டுக்கோ உரிமை கொண்டாடலாம். உடம்பை நலமாக வைத்துக்கொள்ளும் ஒரு முறைக்கு அப்படி உரிமை கொண்டாட முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு. யோகாசனம் எல்லோருக்கும் பொது என்று ஆகிவிட்டது.

பிக்ரம் மீது அவருடைய மாணவிகள் சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். பல பயிற்சிக் கூடங்கள் அவர் பெயரையே எடுத்துவிட்டன. ஆனால், சூட்டு அறை மட்டும் நின்றுவிட்டது.

மனக்கவலை தீருமா?

புதுக்கோட்டைச் சீமைக்குக் கவலை புதிது அல்ல. கண்மாய் வற்றினால் கவலை. கடன் தவணை வந்தால் கவலை. 2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வந்து, ஆண்டுக் கணக்கில் வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. அந்தத் தோப்புக்காரர்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருப்பார்கள்!

பயமோ கவலையோ வந்தால் இதயம் படபடக்கிறது. மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. கழுத்தும் தோளும் இறுகுகின்றன. கவலை தினமும் நீடித்தால் தூக்கம் கெடுகிறது. எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் மீது கோபம் பாய்கிறது.

இதற்கு யோகாசனம் உதவுமா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது.

மனச்சோர்வு நோய் உள்ள 80 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 8 வாரம் சூட்டு யோகாசனம் செய்தார்கள். மற்றப் பிரிவினர் தங்கள் முறை வரும் வரை காத்திருந்தார்கள்.

யோகாசனம் செய்தவர்களில் 100-க்கு 59 பேருக்கு நோயின் கடுமை பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. காத்திருந்தவர்களில் 100-க்கு 6 பேருக்குத்தான் அப்படிக் குறைந்தது.

நல்ல பலன்தான். ஆனால், ஒரு கேள்வி இருக்கிறது. பலன் தந்தது சூடா? ஆசனமா? சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டதால், அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சூடு வேண்டியதில்லை!

இந்தக் கேள்விக்கு, இதய நலத்தைப் பொறுத்தவரை, இன்னோர் ஆராய்ச்சி விடை கூறியது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிபுணர்கள் நடத்திய ஆராய்ச்சி அது. 2018-ம் ஆண்டு வெளிவந்தது.

40 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்களை அழைத்தார்கள். ஒரு பிரிவினர் 105 டிகிரி அறையில் அந்த 26 பயிற்சிகளைச் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே பயிற்சிகளைச் சுமார் 73 டிகிரி உள்ள சாதாரண அறையில் செய்தார்கள். வாரத்துக்கு 3 நாள், 12 வாரம்.

முடிவு என்ன? இரண்டு பிரிவினருக்கும் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை நன்றாயிற்று. சூட்டில் செய்தவர்களுக்குத் தனிப் பலன் ஒன்றும் இல்லை! பலன் தந்தது ஆசனமே.

104 டிகிரி காய்ச்சல்

சூட்டினால் ஆபத்தும் உண்டு. மனித உடம்பின் உஷ்ணம் 98 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குழந்தைக்கு 104 டிகிரி காய்ச்சல் என்றால் வீடே பதறுகிறது அல்லவா?

அமெரிக்காவில் 2015-ம் ஆண்டு 20 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. உடம்பின் உள் உஷ்ணத்தை அளந்து சொல்லும் சிறிய மாத்திரைக் கருவியை விழுங்கச் செய்து, சூட்டு அறையில் ஆசனம் போடச் சொன்னார்கள். பயிற்சி முடியும் வரை உஷ்ணம் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவருக்கு 104 டிகிரியைத் தாண்டிவிட்டது!

ஏன் இப்படி? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மூடிய அறையில் காற்றே ஈரமாக இருக்கிறது. வியர்வை வழிகிறதே தவிர, சீக்கிரம் காய்வது இல்லை. அதனால் உடம்புச் சூடு இறங்குவது இல்லை. இதயம் இரட்டிப்பு வேலை செய்கிறது.

"வியர்வையோடு கெட்டதெல்லாம் வெளியேறுகிறது" என்று சிலர் நம்புகிறார்கள். வியர்வையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவை அகற்றும் வேலையைச் சிறுநீரகமும் ஈரலும் செய்கின்றன.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு, நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முதியவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் சூட்டு அறைப் பக்கம் போகக் கூடாது.

பகல் முழுவதும் வயலிலும் கல் வேலையிலும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு இன்னும் சூடு எதற்கு? அவர்களுக்கு வேண்டியது நிழலும் தண்ணீரும் ஓய்வும்தான்.

வெயிலில் நின்றவர் தலை சுற்றி விழுந்தால், உளறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் தாமதிக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆடையைத் தளர்த்துங்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காசு இல்லாத வைத்தியம்

அப்படியானால் மன இறுக்கத்துக்கு என்ன வழி? செலவு இல்லாத வழி இருக்கிறது.

விடியற்காலையில், வெயில் ஏறும் முன் எழுந்திருங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. திண்ணையிலோ மொட்டை மாடியிலோ பாய் விரித்து உட்காருங்கள். முதுகு நிமிர்ந்து இருக்கட்டும்.

மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். இப்படி 5 நிமிஷம் செய்யுங்கள். மூச்சை நிதானமாக விடும்போது இதயத் துடிப்பும் நிதானப்படுகிறது. படபடப்பு அடங்குகிறது.

பிறகு மல்லாந்து படுங்கள். கை கால்களைத் தளர விடுங்கள். இதுதான் சவாசனம். அந்த 26 பயிற்சிகளிலும் இது உண்டு. 10 நிமிஷம் போதும்.

மற்ற ஆசனங்களை நன்கு தெரிந்தவரிடம் நேரில் கற்றுக்கொள்வதே நல்லது.

கவலை பல வாரம் நீடித்தால், வாழ்க்கையே வெறுத்தால், ஆசனம் மட்டும் போதாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், மனநல ஆலோசனை கிடைக்கும். அரசாங்கம் நடத்தும் சேவை இது. கட்டணம் கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சித்தன்னவாசல் படுக்கை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே ஓவியம் பார்க்கப் போகிறவர்கள், மலை மேல் இருக்கும் ஏழடிப்பட்டத்தையும் பார்க்க வேண்டும். அது ஓர் இயற்கைக் குகை. உள்ளே 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் தலையணை போல் உயர்ந்திருக்கும். வழவழப்பாக இழைத்திருக்கிறார்கள்.

சமணத் துறவிகள் அங்கே தங்கித் தவம் செய்தார்கள். ஒரு படுக்கையில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு 2 ஆயிரம் ஆண்டுப் பழமையானது.

அவர்கள் செய்தது இன்றைய யோகாசனம் அல்ல, கடும் தவம். உண்ணாமல் இருந்து உயிர் விட்டவர்களும் உண்டு. உடம்பை வருத்த அஞ்சாதவர்கள் அவர்கள்.

அப்படிப்பட்டவர்கள்கூட எங்கே படுக்கை செதுக்கினார்கள்? கொதிக்கும் மொட்டைப் பாறையின் மேல் அல்ல. காற்று வரும் குகைக்குள், பாறையின் நிழலில்!

மனம் அடங்க வேண்டுமானால், முதலில் உடம்பு குளிர வேண்டும். இதைச் சொல்ல அமெரிக்கா போக வேண்டியதில்லை. சித்தன்னவாசல் பாறையே சொல்கிறது.