குழந்தை இல்லையா? மனைவியை மட்டும் சோதித்தால் போதாது! மருத்துவ மாணவர்களுக்கு சொல்லித்தரும் பாடம்

சென்னை,

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆனாலே "என்னம்மா, விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்து விடுகிறார்கள். பல தம்பதியர் முதலில் போய் நிற்பது பெரிய கருத்தரிப்பு மையத்தில் அல்ல. பக்கத்தில் உள்ள எம்.பி.பி.எஸ். டாக்டரிடம்தான். அவர் காட்டும் வழி தப்பானால் பணமும் போச்சு, வயசும் போச்சு.

உலகில் 6 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தப் பிரச்சினை வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெரிவித்தது.

7 வாரம் பயிற்சி

எம்.பி.பி.எஸ். முடித்த பயிற்சி டாக்டர்கள் ஓராண்டில் 7 வாரம் மகப்பேறு பிரிவில் வேலை பார்க்க வேண்டும். டெஸ்ட் டியூப் சிகிச்சையை அவர்கள் செய்வதில்லை. யாருக்கு என்ன சோதனை, எப்போது பெரிய டாக்டரிடம் அனுப்புவது என்பதுதான் அவர்கள் கற்க வேண்டியது.

தடுப்பு முறை ஏதும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் சோதனை தொடங்கலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும்.

கணவருக்கும் சோதனை

ஏறக்குறைய பாதி தம்பதியரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. எனவே விந்து பரிசோதனையை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். இதற்கு 2 முதல் 7 நாள் வரை உறவு கூடாது. ஊசி, கத்தி எதுவும் இல்லாத எளிய சோதனை இது. ஆனால் கணவர் வர மறுக்க, மனைவி மட்டும் ஸ்கேன், ரத்த சோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே என்று அலைவது இன்றும் நடக்கிறது.

ஹார்மோன் கணக்கு

தைராய்டு குறைந்தாலோ, புரோலாக்டின் கூடினாலோ மாதவிலக்கு தள்ளிப்போகும், முட்டை சரியாக வெளிவராது. இதில் பலருக்கு மாத்திரையிலேயே குணம் தெரியும். லட்சக்கணக்கில் செலவு செய்யும் முன் இதைப் பார்ப்பது அவசியம்.

தப்பான ஊசி

விந்தணு குறைந்த ஆணுக்கு 'ஆண்மை ஹார்மோன்' ஊசி போட்டால் சரியாகும் என்பது தவறு. வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், மூளை விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவு நின்று விடும். இருக்கிற விந்தணுவும் குறையும். ஜிம்மில் ஸ்டீராய்டு போடும் வாலிபர்களுக்கும் இதே கதிதான். இதைக் கற்ற டாக்டர் அந்த ஊசியை எழுத மாட்டார்.

பேசவும் பயிற்சி

தாம்பத்தியம் பற்றி கூச்சப்படாமல், மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேட்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான். பலர் உண்மையைச் சொல்வது அப்போதுதான்.

டெஸ்ட் டியூப் சிகிச்சை தேவைப்பட்டால், 2021-ம் ஆண்டு சட்டப்படி பதிவு பெற்ற மையத்துக்கே போக வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரை அனுமதி உண்டு.

முதல் நாளே கணவன்-மனைவி இருவரும் சேர்ந்து போகணும், பழைய ரிப்போர்ட்டுகளை கையோடு எடுத்துப் போகணும். பாதி அலைச்சல் மிச்சமாகும்.