ஸ்டோர் ரூமில் ஒரு நீல பேஷன்ட்!

ஹாலில் இருக்கிற கடல்நீர்த் தொட்டியைப் பார்த்தீங்களா? பவளம் விரிஞ்சிருக்கு, இறால் மீசையை ஆட்டுது. ஆனா ஒரு மீன்கூட இல்லையே, கவனிச்சீங்களா? எல்லாரும் எங்கேன்னு காட்டுறேன், வாங்க! சமையலறையைத் தாண்டி ஸ்டோர் ரூம். கதவை மெதுவாத் திறக்கணும், பேஷன்ட் உள்ளே இருக்கார்.

இதோ! அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப். மணலும் இல்லை, பாறையும் இல்லை. ஒரு ஹீட்டர், ஒரு ஏர் ஸ்டோன், ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி பைப், அவ்வளவுதான். பைப்புக்குள்ளேருந்து மஞ்சள் வாலும் அடர்நீல உடம்புமா எட்டிப் பார்க்குதே, அதுதான் ப்ளூ டேங். 'ஃபைண்டிங் டோரி' டோரியோட இனம்! பக்கத்து டப்பில் ரெண்டு க்ளௌன் மீன்கள். அவங்களுக்கும் இதே வைத்தியம்தான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இந்த நீல உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி. பாறையில் உடம்பை உரசிக்கிட்டே இருந்துச்சு. கடல்மீன் வளர்க்கிறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச எதிரி அது: கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி.

இதுக்குத் தாமிர மருந்து உண்டு. ஆனா பவளமும் இறாலும் தாமிரத்தைத் தாங்காது, அதனால் ஹால் தொட்டியில் கலக்கவே முடியாது. தனி டப்பில் கலந்தாலும், தோலுக்குள் புதைஞ்சிருக்கிற ஒட்டுண்ணியை அது தொடாது. தண்ணியில் நீந்தி வரும்போதுதான் கொல்லும்.

நான் எடுத்த வழியில் மருந்தே கிடையாது! எதிரியோட கால அட்டவணைதான் நம்ம ஆயுதம். ஒட்டுண்ணி மீன் தோலில் மூணுலேருந்து ஏழு நாள் தின்னும். அப்புறம், பெரும்பாலும் இருட்டில், உதிர்ந்து அடியில் ஒட்டிக் கூடு கட்டும். உள்ளே பிரிஞ்சு பிரிஞ்சு நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் கூடு வெடிக்கக் குறைஞ்சது மூணு நாள் ஆகும். அதுக்கு முன்னாடி, 72 மணி நேரத்துக்குள், மீனை வேற டப்புக்கு மாத்திட்டா? குஞ்சுகள் வெளியே வரும்போது வீடே காலி! இப்படி நாலு தடவை மாத்தினா, மீன் மேல இருந்தது அத்தனையும் பழைய டப்களிலேயே தங்கிடும்.

இன்னிக்கு நாலாவது மாற்றம், உங்க கண் முன்னாலேயே! புது டப் தண்ணி நேத்தே தயார். ஒன்றரைக் கிலோ செயற்கைக் கடல் உப்பு கரைச்சது. சூடு 26 டிகிரி, உப்புத் தண்ணியோட ஒப்படர்த்தி 1.025. ரெண்டு டப்பிலும் ஒண்ணா இருக்கான்னு பார்த்தாச்சு.

வலை வேண்டாம். வால் அடியில், ரெண்டு பக்கமும், பிளேடு மாதிரி ஒரு முள் இருக்கு, வலையில் மாட்டிக்கும். காய்கறி கழுவுற பிளாஸ்டிக் ஓட்டைக் கூடைதான் சரி. கூடையை அடியில் விட்டு, பைப்பை மெல்ல நகர்த்தி... வந்துட்டார்! தூக்கி ஒரு நொடி நிறுத்தணும். பழைய தண்ணி முழுசா வடியட்டும், ஒரு கூடுகூட கூடவே வரக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, டொப்! புது வீடு!

பழைய டப், பைப், ஹீட்டர், ஏர் ஸ்டோன் எல்லாத்தையும் கழுவி மொட்டை மாடி வெயிலில் ஈரமே இல்லாமல் காய வைக்கணும். கையையும் நல்லாக் கழுவிட்டு உலர்த்தணும். சொட்டுத் தண்ணியிலும் எதிரி பயணம் பண்ணுவான்.

சரி, உடனே ஹாலுக்குக் கொண்டு போகலாமா? கூடாது! அங்கே பாறை இடுக்கில் இன்னும் கூடுகள் இருக்கும். அந்த ஒட்டுண்ணிக்கு மீன்தான் சாப்பாடு; இறாலும் பவளமும் ஆகாது. மீனே இல்லாத தொட்டியில் அது பட்டினியில் சாகட்டும்னு 76 நாள் விடுறோம். காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டிருக்கேன் பாருங்க, 13-ஆவது நாள் இது. 76 நாளும் முடியிற வரைக்கும் நம்ம ஆள் இங்கேதான், ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அம்மோனியா டெஸ்ட்டுமா.

இப்ப டார்ச்சை மேலேருந்து அடிங்க. நீலத்தில் ஒரு ரவைகூட இல்லை! கிளிப்பில் நோரித் தாள் மாட்டி விடுறேன், மூணு நாளா வாய் வைக்காமல் இருந்த கடல்பாசி. வர்றார்... முகர்ந்து பார்க்கிறார்... கடிச்சார்! கிளிப் ஆடுது பாருங்க!