அதான் எனக்குத் தெரியுமே!

"அதான் எனக்கு அப்பவே தெரியுமே!" என்று உங்கள் வீட்டு வாண்டு சொன்னால், பொய் சொல்கிறது என்று முறைக்காதீர்கள். அது பொய்யே இல்லை! நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறது!

ஆதாரம் வேண்டுமா? பிடியுங்கள்! 1994-இல் மார்ஜரி டெய்லர் என்கிற உளவியலாளரும் அவருடைய குழுவும் 4 வயதுக் குழந்தைகளுக்குப் புத்தம்புது தகவல்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். கையோடு ஒரு கேள்வியும் கேட்டார்கள். இது இன்றைக்குத் தெரிந்துகொண்டதா, ரொம்ப நாளாகவே தெரியுமா? ரொம்ப நாளாகவே தெரியுமாம்! அடித்துச் சொல்லிவிட்டார்கள் பொடிசுகள்!

இதைவிட அசத்தல் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மிட்டாய் டப்பா. உள்ளே என்ன இருக்கும்? "மிட்டாய்!" திறந்தால்... பென்சில்! டப்பாவை மூடிவிட்டு, "திறக்கறதுக்கு முன்னாடி உள்ளே என்ன இருக்கும்னு நெனச்சே?" என்று கேட்டால் வரும் பதில் என்ன தெரியுமா? "பென்சில்!" 1988-இல் அலிசன் காப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் செய்த சோதனை இது. 3 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான்! ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஏமாந்ததே அவர்களுக்கு ஞாபகம் இல்லை!

இதற்கு ஆராய்ச்சிக்கூடமெல்லாம் தேவையில்லை. நம் வீட்டு பிஸ்கெட் டின்னுக்குள் என்ன இருக்கிறது? ஊசியும் நூலும்தானே! 3 வயதுப் பேரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்றைக்கே செய்து பாருங்கள். (ஊசியை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்!) சீக்கிரம் செய்துவிடுங்கள். 5 வயதானால் பெரும்பாலும் பலிக்காது. உஷாராகிவிடுவார்கள்!

எல்லாம் தெரிந்த இந்தப் பெரிய மனிதர்கள் மணிக்கு எத்தனை கேள்வி கேட்கிறார்கள் தெரியுமா? 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 4 குழந்தைகளின் பேச்சை அலசினார்கள். மொத்தம் 229.5 மணி நேரம். எண்ணி முடித்தபோது கேள்விகள் 24,741! அதாவது மணிக்கு 107-க்கு மேல்!

சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று பாட்டி புலம்புகிறாரா? மூளைக்கு! சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் பெரியவர்களின் மூளைக்குப் போவது சுமார் 20 சதவீதம். 5 வயது வாக்கில்? 66 சதவீதம்!

10 படங்களைக் காட்டினால் எத்தனை உன் ஞாபகத்தில் நிற்கும் என்று கேட்டார் ஜான் ஃபிளேவல். வருடம் 1970. நர்சரி, கே.ஜி. குழந்தைகளில் பலர் சொன்ன பதில்: "பத்தும்!" உண்மையில் ஞாபகம் வைத்திருந்தது சராசரியாக 3 அல்லது 4! தன்னம்பிக்கைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு போட்டுவிடலாம்!

ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுவரை இன்னும் வேடிக்கை. உள்ளங்கை அளவு பொம்மைக் காருக்குள் குழந்தை கால் விட்டு ஏறப் பார்க்கும்! விளையாட்டுக்கு அல்ல, சீரியஸாக! 2004-இல் 'சயின்ஸ்' பத்திரிகையிலேயே கட்டுரை வந்துவிட்டது!

சிரிப்பாக இருக்கிறதா? இருங்கள், இப்போது உங்கள் முறை!

2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பெற்றோரிடம் ஒரு பட்டியலை நீட்டினார்கள். இதிலெல்லாம் உங்கள் பிள்ளைக்கு எவை தெரியும்? நீல் ஆம்ஸ்ட்ராங் இருந்தார். 'ராணி ஆல்பர்ட்டா' இருந்தார். 'பென்சன் முயலின் கதை' என்று ஒரு புத்தகமும் இருந்தது. பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பெற்றோர் சளைக்கவில்லை. ராணி ஆல்பர்ட்டாவா? என் பிள்ளைக்குத் தெரியுமே! பென்சன் முயலா? அதுவும் தெரியுமே!

அப்படி ஒரு ராணியே உலகத்தில் கிடையாது! அப்படி ஒரு முயல் கதையும் கிடையாது! இரண்டையும் ஆய்வாளர்களே கற்பனை செய்து பட்டியலில் செருகியிருந்தார்கள்! அதே பெற்றோர் தங்கள் பிள்ளையின் ஐ.க்யூ. காட்டுவதைவிட அது பெரிய புத்திசாலி என்றும் நம்பினார்கள். வியாதி எங்கிருந்து தொற்றியது என்று புரிகிறதா?

பிள்ளைகள் 15 வயதுக்கு வந்ததும் தாங்களாகவே இந்த வேலையைச் செய்துகொள்கிறார்கள்! ஆங்கிலம் பேசும் 9 நாடுகள். 40,000-க்கு மேற்பட்ட மாணவர்கள். 16 கணிதச் சொற்களைக் கொடுத்து, எவ்வளவு தெரியும் என்று கேட்டார்கள். அதில் 3 டூப்! 'டிக்ளரேட்டிவ் ஃபிராக்‌ஷன்' என்று ஒன்று. கேட்க எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது! கணக்கில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் நன்றாகத் தெரியும் என்று டிக் அடித்தவர்கள் ஏராளம்! பெண்களைவிடப் பையன்கள் அதிகம். நாடுகளில் முதல் வரிசை? அமெரிக்காவும் கனடாவும்!

வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறீர்களா? 1995-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஓர் ஆசாமி முகத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு 2 வங்கிகளைக் கொள்ளையடித்தார். சாறு பூசினால் கேமராவில் முகம் தெரியாதாம்! தெளிவாகவே தெரிந்தது. பிடிபட்டார்! இந்தச் செய்தியைப் படித்துத்தான் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் 1999-இல் தங்கள் பிரபல ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தேர்வில் கடைசி வரிசையில் வந்த கல்லூரி மாணவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள்? சராசரிக்கும் மேலே!

பொய்யைப் பற்றி ஒன்று. ஒளித்துவைத்ததை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆய்வாளர்கள் அறையை விட்டு வெளியே போகிறார்கள். குழந்தை எட்டிப் பார்க்கிறது. பார்த்தாயா என்றால், இல்லை என்கிறது! டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ தரும் கணக்கு: 2 வயதில் 30 சதவீதம், 3 வயதில் 50 சதவீதம், 4 வயதில் 80 சதவீதத்துக்கு மேல்! என் குழந்தை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்கிறீர்களா? சொந்த அப்பா அம்மாவாலும் முடியவில்லை, போலீஸாலும் முடியவில்லை! காசைச் சுண்டிப்போட்டுச் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான்!

சார்லஸ் டார்வின் வீட்டிலும் இதே கூத்து! இரண்டரை வயது மூத்த மகன், ஊறுகாய்ச் சாறு பட்ட உடுப்பைச் சுருட்டி மறைத்துக்கொண்டு நைசாக நழுவினான். அப்பா விட்டாரா? நோட்டில் குறித்துவைத்தார். 1877-இல் விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரையாகவே போட்டுவிட்டார்! உலகத்திலேயே கௌரவமாக மாட்டிக்கொண்ட ஊறுகாய்த் திருடன் அவன்தான்!

ஆனால் ஜாக்கிரதை. எல்லாம் தெரியும் என்கிற சில வாண்டுகளுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கும்!

எமிலி ரோசாவைப் பாருங்கள். அமெரிக்காவின் கொலராடோ. வயது 9. தொடாமலே, கையை மேலே அசைத்தே மனித உடம்பின் 'சக்தி வளையத்தை' உணர்ந்து வைத்தியம் பார்க்கிறோம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியா என்றாள் எமிலி. நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அந்தப் பக்கம் வைத்தியர் இரண்டு கைகளையும் நீட்டவேண்டும். இந்தப் பக்கம் எமிலி ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 21 வைத்தியர்கள். 280 முயற்சி. சரியாகச் சொன்னது 123 தடவை! வெறும் 44 சதவீதம்! கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே 50 வந்திருக்கும்! பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ஆரம்பித்த வேலை, 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அப்போது அவளுக்கு வயது 11!

இங்கிலாந்தின் பிளாக்காட்டன் கிராமத்துப் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு படி மேல். 8 முதல் 10 வயதுவரை 25 மாணவர்கள். வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் அமைப்பையும் வைத்துப் பூவைத் தேர்ந்தெடுப்பதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 2010-இல் ராயல் சொசைட்டியின் இதழ் அதை வெளியிட்டது. படங்களெல்லாம் கலர் பென்சிலில்!

ஆபிரகாம் லிங்கனுக்குத் தாடி வந்த கதை தெரியுமா? 1860 அக்டோபரில் 11 வயது கிரேஸ் பெடல் கடிதம் போட்டாள். உங்கள் முகம் ரொம்ப ஒல்லி, தாடி வைத்தால் எடுப்பாக இருக்கும், ஓட்டும் விழும் என்று யோசனை! 4 நாளில் பதில் எழுதினார் லிங்கன். ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போகும் வழியில் அவள் ஊரில் ரயிலை நிறுத்தி அவளைச் சந்தித்தார். தாடியோடு!

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே சுனாமி. தாய்லாந்தின் மைக்காவ் கடற்கரையில் 10 வயது டில்லி ஸ்மித் கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துக் கத்தினாள். இது சுனாமி! 2 வாரத்துக்கு முன்னால்தான் புவியியல் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். பெரியவர்கள் கேட்டார்கள், கரை காலியானது. பிழைத்தவர்கள் சுமார் 100 பேர்!

நம் ஊருக்கு வருவோம். அப்பாவுக்கே பாடம் எடுத்த பிள்ளைக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறவர்கள் நாம்! பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்து, சிவனுக்கே உபதேசம் செய்த தகப்பன்சாமி குடியிருக்கும் சுவாமிமலையில் படிகள் 60. தமிழ் வருடங்களும் 60!

அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் கும்பகோணம். டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன் என்கிற பையன், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்று வாத்தியார் சொன்னபோது எழுந்து கேட்டானாம்: "பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலுமா சார்?" வாழ்க்கை வரலாறுகள் சொல்லும் கதை இது. இன்றைக்கு இருந்தால் டைரியில், "பேரன்ட்ஸ் வந்து பார்க்கவும்" என்று எழுதியிருப்பார்கள்!

ஒரு போட்டியைப் பார்ப்போம். 20 ஸ்பகெட்டி குச்சி, கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். 18 நிமிடம். மிட்டாய் உச்சியில் நிற்க, யார் உயரமான கோபுரம் கட்டுவது? எம்.பி.ஏ. மாணவர்களைவிடக் கே.ஜி. குழந்தைகள் கட்டியதுதான் உயரம்! காரணம் கேட்காதீர்கள், மானம் போகும்!

2014-இல் இன்னொரு அடி. எந்தக் கட்டையை வைத்தால் பெட்டியில் விளக்கு எரியும் என்கிற புதிரில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களை முந்தியவர்கள் யார்? 4, 5 வயதுக்காரர்கள்!

"நீ ரொம்ப புத்திசாலிடா!" ஒரே ஒரு வாக்கியம் என்னவெல்லாம் செய்யும் தெரியுமா? 1998-இல் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். புத்திசாலி என்று புகழப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் பிறகு வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னார்கள்! நன்றாக முயற்சி செய்தாய் என்று புகழப்பட்டவர்களில்? 13 சதவீதம்தான்!

அம்மா குரலை ஒரு நொடிக்குள் 97 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கும் குழந்தைகள், 13 வயது வாக்கில் என்ன ஆகிறார்கள்? ஸ்டான்ஃபோர்டு 2022-இல் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டது. அம்மா குரலைவிட முன்பின் தெரியாதவர் குரலுக்குத்தான் மூளை குஷியாகிறது! ஆக, காதில் விழாமல் இல்லை தாய்மார்களே!

14 வயதில் தன் அப்பா ஒன்றும் தெரியாதவராகத் தோன்றினார், 21-இல் பார்த்தால் நிறையக் கற்றுக்கொண்டிருந்தார் என்று மார்க் ட்வைன் சொன்னதாக ஒரு ஜோக் சுற்றுகிறதே? ட்வைனுக்கு 11 வயதிலேயே அப்பா காலமாகிவிட்டார்!

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை என்று சாக்ரடீஸ் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே? அதுவும் டூப்! கேம்பிரிட்ஜ் மாணவர் ஒருவர் எழுதி 1907-இல் வெளியான ஆய்வேட்டிலிருந்து கிளம்பியது!

நிஜமான புலம்பல் வேண்டுமா? சுமேரியாவில் ஓர் எழுத்தர் ஊர் சுற்றும் மகனைத் திட்டித் தீர்க்கிறார். களிமண் பலகையில்! வயது சுமார் 3,700 வருடம்!

கடைசியாக ஒரு சூப்பர் டிப்ஸ். "பால் பெரியதா, தண்ணீர் பெரியதா?" 1980-இல் 5 வயது, 7 வயதுக் குழந்தைகளிடம் நிஜமாகவே கேட்டார்கள். கேள்வியே தப்பு என்று சொல்லவில்லை, கிட்டத்தட்ட எல்லாரும் பதில் சொன்னார்கள்! 2000-இல் மறுபடி ஆரம்பித்தார்கள் இங்கிலாந்தில். "ஸ்வெட்டருக்கு மரத்தைவிடக் கோபம் அதிகமா?" ஆமாம், இல்லை என்று பட்டென்று பதில்! ஆனால் ஆமாம், இல்லை என்று தப்பிக்க முடியாத ஒரு கேள்வியில் கதை மாறிவிட்டது. "பாதங்கள் காலை டிபனுக்கு என்ன சாப்பிடும்?" பெரும்பாலான குழந்தைகள் சொன்னது: தெரியாது!

உங்கள் வீட்டு மேதாவி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க ஆசையா? இன்றைக்கு இட்லி வைக்கும்போது இந்தக் கேள்வியையே கேளுங்கள். "சாக்ஸ்!" என்று பதில் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள்!