நுண்துளைகள் கூறும் சாட்சியம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, வடசென்னையின் எண்ணூர்ப் பெரியகுப்பம் கடற்கரையில் உறங்கிக் கொண்டிருந்த மக்களைக் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் எழுப்பின. கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியாவைக் கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு மக்கள் இருளில் வெளியேறினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பின்னர்த் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தான் அளந்து கண்ட எண்களை வெளியிட்டது. ஆலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு விதிக்கப்பட்ட வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்தது. அதற்கான வரம்பு 5.

மக்களின் நுரையீரல் முன்னதாகவே சொல்லிவிட்ட செய்தியைத்தான் இவ்வெண்கள் உறுதி செய்தன. ஆயினும் எண் இன்றியமையாதது. மனிதனின் மூக்கு கூர்மையான கருவியே எனினும் அதற்கு இரு குறைகள் உண்டு. அது அளவு சொல்லாது. ஒரே நெடியை நுகர்ந்துகொண்டே இருந்தால் விரைவில் பழகிப்போய் மௌனமாகிவிடும். ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் நடுவே வாழும் திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்குப் பழகிப்போகாத, அளவு சொல்லும் சாட்சி ஒன்று வேண்டும். அத்தகைய சாட்சியை உருவாக்கும் துறைகளுள் ஒன்றே நுண்துளைப் பொருள்களின் வேதியியல். அத்துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழர் ஒருவரின் ஆய்வு வாழ்க்கை சென்னை மாநகரிலேயே வேர்கொண்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

உயிர் உணரி என்பது யாது?

நீரிழிவு நோயாளர் உள்ள இல்லங்களில் காணப்படும் குளுக்கோஸ் அளவிதான் நாம் நன்கறிந்த உயிர் உணரி. அதன் மூலக் கருத்தை 1962இல் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க் முன்வைத்தார். நொதி எனப்படும் புரதம் ஆயிரம் பொருள்கள் கலந்த கரைசலிலும் தனக்குரிய ஒன்றை மட்டுமே இனங்கண்டு வினைபுரியும். அந்த வினையை ஒரு மின்முனை உணர்ந்து மின் குறிப்பாக மாற்றுமாறு செய்துவிட்டால், உயிரின் நுட்பமும் கருவியின் கணக்கும் ஒன்றிணைகின்றன. இரத்தச் சர்க்கரையோடு இது முடிவதன்று. காசிமேட்டுத் துறைமுகத்தில் இறங்கும் மீன் எவ்வளவு புதியது என்பதையும் நொதி கொண்டு அறியலாம். மீன் இறந்தபின் அதன் தசையில் ஹைப்போசாந்தைன் என்னும் பொருள் படிப்படியாகப் பெருகுகிறது. அதனைச் சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி இனங்காணும்.

ஆனால் நொதி மென்மையானது. வெப்பம், அமிலம், கரைப்பான் ஆகியவை அதன் வடிவைக் குலைத்துவிடும். கரைசலில் தனித்துவிட்டால் அடித்துச் செல்லப்படும். எனவே அதனை நெருக்காமலும் நழுவவிடாமலும் தங்கவைக்கும் இல்லம் ஒன்று தேவை. நுண்துளைப் பொருள்களின் பணி இங்கேதான் தொடங்குகிறது.

கிண்டியிலிருந்து த்சுகுபா வரை

பெட்ரோலியத் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்படும் சீயோலைட்டுகளும் துளைகள் நிறைந்தவையே. எனினும் அத்துளைகளின் அகலம் பெரும்பாலும் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. சைட்டோகுரோம்-சி போன்ற சிறு புரதம்கூட ஏறத்தாழ 3 நானோமீட்டர் அளவுடையது. வாசல் சிறிது, விருந்தாளி பெரிது. 1992இல் மோபில் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41 என்னும் சிலிக்காவை அறிவித்தபோது இந்நிலை மாறியது. தேனடை போன்று ஒழுங்காக அமைந்த, சில நானோமீட்டர் அகலத் துளைகளைக் கொண்டது அது. 1998இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உருவான எஸ்பிஏ-15 இன்னும் அகலமான துளைகளைத் தந்தது. 2 முதல் 50 நானோமீட்டர் வரை அகலமுள்ள இவற்றை இடைத்துளைப் பொருள்கள் என்பர். இத்தகைய சிலிக்கா ஒரு கிராமின் உட்பரப்பு எழுநூறு சதுர மீட்டரையும் எட்டும். சென்னை மனைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கும் அதிகம்!

இந்தத் துறைக்குள் நுழைந்தவரே அஜயன் வினு. அண்ணா பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கைசர்ஸ்லவுடர்ன் பல்கலைக்கழகமும் இணைந்த ஆய்வின் வழியே 2003இல் முனைவர் பட்டம் பெற்றார். பேராசிரியர்கள் முருகேசன், மார்ட்டின் ஹார்ட்மன் ஆகியோருடன் சேர்ந்து, இடைத்துளைச் சிலிக்காவில் சைட்டோகுரோம்-சி, லைசோசைம் ஆகிய புரதங்கள் எவ்வாறு தங்குகின்றன என்பதை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார். அவ்வாய்வு காட்டிய உண்மை எளியது, ஆழமானது. கரைசலின் அமில, காரத் தன்மையை மாற்றிக்கொண்டே சென்றால், புரதத்தின் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமமாகும் நிலையை ஒட்டித்தான் மிக அதிகமான புரதம் துளைகளில் தங்குகிறது. அந்நிலையில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்குவது குறைவதால், நெருங்கி அமர இடம் கிடைக்கிறது. துளையின் அகலம் மட்டும் போதாது. குடிபுகுவோரிடையே இணக்கமும் வேண்டும் என்பது இதன் பொருள்.

பின்னர் ஜப்பானின் த்சுகுபா நகரிலுள்ள தேசியப் பொருளறிவியல் நிறுவனத்தில் அவர் பணி தொடர்ந்தது. 2005இல் இடைத்துளைக் கார்பன் நைட்ரைடை அவரது குழு உருவாக்கியது. சிற்பி களிமண் அச்சில் உலோகத்தை வார்த்துப் பின்னர் அச்சை உடைத்து நீக்குவது போல, எஸ்பிஏ-15 சிலிக்காவின் துளைகளுக்குள் கார்பனும் நைட்ரஜனும் கொண்ட பொருளை வளர்த்துப் பின்னர்ச் சிலிக்காவைக் கரைத்து நீக்கினர். எஞ்சிய பொருளின் சுவர்களிலேயே நைட்ரஜன் அமைந்திருந்ததால், துளைக்கு இடமளிக்கும் தன்மையோடு வேதி விருப்பும் வாய்த்தது.

அவ்விருப்பை நாமே வடிவமைக்கலாம் என்பதை வினுவும் இடம்பெற்ற குழு 2009இல் காட்டியது. நுண்ணிய கார்பன் உறைகளை அடுக்கடுக்காகக் குவார்ட்ஸ் படிகத்தின்மீது பரப்பினர். துளைகளுக்குள் வாயு புகுந்தால் எடை கூடும். எடை கூடினால் படிகத்தின் அதிர்வெண் குறையும். அக்குறைவே அளவீடு. துளைகளில் லாரிக் அமிலத்தை ஊட்டியபோது அந்த உணரி அமீன்களை விரும்பிப் பற்றியது. அமீனை ஊட்டியபோது அசெட்டிக் அமிலத்தை விரும்பியது. அமீன்கள் அம்மோனியாவின் நெருங்கிய உறவினர். பழைய மீனின் நெடிக்குக் காரணமானவை.

வினு 2011இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நானோபொருள் ஆய்வு மையத்தை நிறுவி அதன் இயக்குநரானார். இத்துறையின் மற்றொரு கிளையான உலோக-கரிமச் சட்டகங்களுக்காக 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், உமர் யாகீ ஆகியோருக்கு வழங்கப்பட்டது. அவர்களுள் யாகீ, அம்மான் நகரில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்து, குடிநீருக்கே காத்திருந்து வளர்ந்தவர். பிற்காலத்தில் பாலைவனக் காற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் நுண்துளைப் பொருளை உருவாக்கினார். தன் இளமையின் தாகத்தை ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டவர் அவர் எனலாம்.

ஆய்வகமும் கடற்கரையும்

இனி எண்ணூருக்குத் திரும்புவோம். அலுமினியம் சேர்ந்த இடைத்துளைச் சிலிக்காவின் அமிலத் தன்மையை அளக்க வேதியியலாளர் கையாளும் வழக்கமான முறை ஒன்றுண்டு. அப்பொருளில் அம்மோனியாவைப் பற்றவைத்து, வெப்பத்தை உயர்த்தி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வெளியேறுகிறது எனக் கணக்கிடுவர். எண்ணூர் மக்களின் உறக்கத்தைக் கலைத்த அதே வாயு, ஆய்வகத்தில் அன்றாட அளவுகோலாக இருக்கிறது! நுண்துளைக்கு அம்மோனியா அந்நியமன்று.

அவ்வாறாயின் அந்த உணரி ஒவ்வொரு குப்பத்திலும் ஏன் இல்லை? அறிவியல் காரணங்கள் சில உண்டு. கடற்காற்றின் ஈரமும் துளைகளுக்குள் புகுந்து இடம்பிடிக்கும். உப்பும் புகையும் அவற்றை அடைக்கும். பல வாயுக்கள் கலந்த காற்றில் ஒன்றை மட்டும் பிரித்தறிவது கடினம். கருவியை அவ்வப்போது சரிபார்க்க ஆள் வேண்டும். இவை எளியவையல்ல, ஆயினும் கடக்க முடியாதவையும் அல்ல. சென்னை ஐஐடியின் பேராசிரியர் டி.பிரதீப் குழுவினர், நீரிலுள்ள ஆர்செனிக்கைப் பற்றும் இரும்புச் சேர்மத்தை உருவாக்கி, அதனை ஆய்வகத்திலிருந்து ஊர்க் குடிநீர் நிலையங்களுக்குக் கொண்டு சென்றனர். அப்பணிகளுக்காக 2022இல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் நீர்ப் பரிசும் கிடைத்தது.

அறிவியலுக்கு அப்பாற்பட்ட காரணமும் ஒன்றுண்டு. அதனை நம் வரலாறே கற்பிக்கிறது. செல்ஜூக் சுல்தான் சன்ஜரின் காலத்தில் அல்-இஸ்ஃபிஸாரீ என்னும் அறிஞர், பொன்னில் கலந்த கலப்படத்தை உடைக்காமலே கண்டறியும் நீர்த்தராசு ஒன்றை அரும்பாடுபட்டுச் செய்தார். தன் மோசடி வெளிப்படும் என்று அஞ்சிய கருவூலக் காப்பாளர் அதனை உடைத்தெறிந்தார் என்றும், அத்துயரிலேயே அறிஞர் உயிர் நீத்தார் என்றும் கூறுவர். ஆயினும் அத்தராசு அழியவில்லை. மர்வ் நகரின் அல்-காஸினீ அதனை மீண்டும் உருவாக்கி, 1121ஆம் ஆண்டளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில் அதன் அமைப்பை எவரும் அறியுமாறு எழுதிவைத்தார்.

அளவுகோல் நேர்மையானவருக்குத் துணை. மறைக்க எண்ணுபவருக்கு அச்சம். ஆகவே உணரியை உருவாக்குவது பாதிப் பணி; அது காட்டும் எண் ஆலையின் பதிவேட்டில் மட்டுமன்றிக் குப்பத்து மக்களின் கண்ணெதிரேயும் இருக்கச் செய்வதே மறுபாதி. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இன்று வேதியியல் பயிலும் நம் பிள்ளைகள் கைசர்ஸ்லவுடர்னுக்கும் த்சுகுபாவுக்கும் செல்லட்டும். அங்கே கற்கும் துளைகளின் கணக்கைத் தம் வீட்டு வாசலின் காற்றுக்கும் ஒருநாள் பொருத்திப் பார்ப்பார்களாயின், அடுத்த நள்ளிரவில் மக்களை எழுப்புவது மூச்சுத் திணறலாக இராது.