‘படபடன்னு வருது’ – அந்த ஒரு வார்த்தைக்குள்ளே என்னென்ன இருக்கு?



சாமை அறுப்பு முடிந்த சமயம். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் தவணையைப் பதிவு செய்துகொண்டிருந்த நேரம். ஒரு அக்கா மெல்ல எழுந்து போய் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். என்னக்கா என்று கேட்டோம். "ஒண்ணுமில்ல, படபடன்னு வருது" என்றார்.

உடனே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "தவணை நெருங்குதில்ல, அந்த யோசனைதான்" என்றார் ஒருவர். "வெறும் வயித்தோட வந்திருப்பா" என்றார் இன்னொருவர். வயதான ஒரு பாட்டி, "விறகுக்குப் போன எடத்துல எதையோ பாத்து பயந்திருக்கா, பூசாரிகிட்ட திருநீறு வாங்கிப் பூசுங்க" என்றார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "கவலைப்படாதீங்கக்கா, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி நோட்டைத் திறந்தோம்.

மூன்று வாரம் கழித்து அந்த அக்கா தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் மயங்கி விழுந்தார். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் ஹீமோகுளோபின் 7 தான் இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறையக் கூடாது. அவருக்கு இருந்தது கவலையும் இல்லை, பயமும் இல்லை, ரத்தசோகை. பல மாதமாக மாதவிலக்கு அதிகமாகப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு வந்த எங்களுக்கே "எப்ப இருந்துக்கா வருது? என்ன வேலை செய்யும்போது வருது?" என்று கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். படபட என்பது ஒரு சத்தம். கோழி சிறகை அடித்தால் படபட, ஈரச்சேலை காற்றில் அடித்தால் படபட. நெஞ்சு அந்த மாதிரி அடித்துக்கொள்வதைத்தான் படபடப்பு என்கிறோம். அதாவது இது உடம்பில் நடப்பதைச் சொல்கிற வார்த்தை. அது ஏன் நடக்குது என்பதை இந்த வார்த்தை சொல்வதில்லை. மேடு ஏறினாலும் படபடக்கும், பாம்பைப் பார்த்தாலும் படபடக்கும், பரீட்சைக்குப் போன பிள்ளை வீடு திரும்பாவிட்டாலும் படபடக்கும்.

நம்ம பேச்சில் மனசின் கஷ்டத்தைப் பெரும்பாலும் உடம்பின் மேல் ஏற்றித்தான் சொல்கிறோம். வயிறு கலங்குது, ஈரக்குலை நடுங்குது, கை கால் ஓடல, நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்குது. வயித்துல புளியைக் கரைக்குது என்று சொல்லாதவர்கள் இந்த மலையில் உண்டா? (புளி உலுக்குகிற மாதத்தில் விலை விழுந்தால் இது இன்னும் பொருத்தம்!) இப்படிப் பேசுவதில் தப்பே இல்லை. மனசு கலங்கும்போது வயிறு உண்மையிலேயே கலங்கத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவர் முன்னால் போய் இதே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால், அவருக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.

பக்கத்து வார்த்தைகளையும் பாருங்கள். பயம் என்றால் எதிரில் ஒரு பொருள் இருக்கும். கரடி பயம், போலீஸ் பயம், இருட்டு பயம். கவலை தலைக்குள் ஓடுவது, ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருவது. தவிப்பு என்பது காத்திருப்பவர்களுக்கு உரியது, வரவேண்டிய ஆள் வந்துவிட்டால் தவிப்பு தீரும். பரபரப்பு எப்போதும் கெட்டதில்லை, திருவிழாவுக்கு முதல் நாள் வீட்டில் பரபரப்பு இருக்கும்.

பதற்றம் கொஞ்சம் வேறு. பதறு என்பதில் இருந்து வந்தது, மாறு – மாற்றம், தடுமாறு – தடுமாற்றம் மாதிரி. பேச்சில் பதட்டம் என்கிறோம். இதில் பயமும் உண்டு, அவசரமும் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்வது அந்த அவசரத்தைத்தான். தேர்தல் சமயத்தில் பேப்பரில் 'பதற்றமான வாக்குச்சாவடி' என்று போடுவார்கள். பயிற்சி ஒன்றில் இதை வாசித்தபோது, "வாக்குச்சாவடிக்கு எதுக்கு சார் பதட்டம், ஓட்டுப் போடற நமக்குத்தான பதட்டம்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். சிரிப்பு அடங்க நேரமானது.

இப்போது எல்லாவற்றுக்கும் 'டென்ஷன்' வந்துவிட்டது. கோபம் வந்தாலும் டென்ஷன், கவலை வந்தாலும் டென்ஷன், பஸ் போய்விட்டாலும் டென்ஷன். கோபம் வந்தால் "எனக்கு பி.பி. ஏறிடுச்சு" என்கிறோம். உண்மையான ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. படபடப்பு இல்லை, அதனால் எனக்கு பி.பி. இல்லை என்று யாரும் இருந்துவிடக் கூடாது. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி.யும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அந்த வேலையில் இருக்கும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது கையை நீட்டுங்கள்.

சரி, உடம்பால் வரும் படபடப்பை எப்படி அடையாளம் காண்பது? நம் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையைத்தான். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. மேடு ஏறினால், சுமை தூக்கினால் படபடப்பு, மூச்சு வாங்குதல், உட்கார்ந்தால் தணிதல், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருத்தல் இதெல்லாம் இருக்கும். சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி தின்ன ஆசை வரும். அதைக் கேலி செய்யாதீர்கள், அதுவும் ஒரு அறிகுறியாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சாப்பிட்டால் உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சையோடு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அது மாத்திரையால்தான். "கறுப்பா போகுது, சூடு" என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் நம் குழுக்களிலேயே நிறைய பேர். மேலே சொன்ன அக்காவுக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். மாதவிலக்குக்கும் வைத்தியம் நடக்கிறது. இப்போது குடத்தோடு மேடு ஏறுகிறார்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காட்டு வேலைக்குப் போனால் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, படபடவென்று வரும். அது சர்க்கரை குறைந்துபோனதன் அடையாளம். உடனே சர்க்கரையோ வெல்லமோ தேனோ வாயில் போட்டு, பிறகு சாப்பிட வேண்டும். ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் திடீரென்று உடம்பு சூடாகி, ராத்திரியில் வேர்த்துப் படபடக்கும். தைராய்டு அதிகமானால் கை நடுக்கமும் உடல் மெலிவும் சேர்ந்து வரும். நெஞ்சை அழுத்துகிற வலி, அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுவது, குப்பென்று வேர்ப்பது என்றால் யோசிக்க நேரமில்லை. அதற்கும் 108 தான். நம் மலைச் சாலையில் வண்டி வந்து சேர நேரமாகும். அதனால் 'கொஞ்சம் பாத்துட்டு கூப்பிடலாம்' என்பது நமக்கு ஆகாது.

இனி இன்னொரு அக்காவின் கதை. இவருக்கும் படபடப்புதான். ஆனால் மேடு ஏறும்போது வராது, சும்மா இருக்கும்போது வரும். ராத்திரி நாய் குரைத்தால் வரும், போன் அடித்தால் வரும். தூக்கம் போய் இரண்டு மாதம். ரத்தம் பார்த்தார்கள், பி.பி. பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லம்மா, போ" என்று அனுப்பிவிட்டார்கள். "நான் நடிக்கிறேன்னு நெனச்சுட்டாங்க மேடம்" என்று அழுதார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தனியாக உட்கார்ந்து பேசினோம். அவர் வீட்டுக்காரர் ஒரு மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார். கேரளாவுக்கோ திருப்பூருக்கோ போனால் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போவார். இந்தத் தடவை சொல்லவில்லை. டவர் கிடைக்கிற பாறையில் ஏறி தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறார், போன் போகவில்லை. இந்த மலையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று அந்த மாநிலப் போலீஸ் சொன்னது. இறந்தவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள், நம் மலைக்காரர்களும் அதில் உண்டு. அந்த நாளைப் பார்த்த பெண்களுக்குப் போன் போகவில்லை என்றால் நெஞ்சு எப்படி அடிக்கும்?

"ஒண்ணுமில்ல" என்று மருத்துவமனையில் சொன்னதற்கு, இருதயம் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். கஷ்டமே இல்லை என்று அர்த்தம் இல்லை. மனசு ஆபத்து என்று நினைத்துவிட்டால் உடம்பு ஓடத் தயாராகும், இருதயம் வேகமாக அடிக்கும், கை கால் சில்லிடும், வயிறு கலங்கும். புலி எதிரில் நின்றால் அது நம்மைக் காப்பாற்றும். புலியே இல்லாமல் இரண்டு மாதம் இரவும் பகலும் அப்படியே இருந்தால் உடம்பு ஓய்ந்துபோகும். இது பைத்தியம் இல்லை. கோழைத்தனமும் இல்லை. பேச்சாலும் தேவைப்பட்டால் மருந்தாலும் குணப்படுத்தக்கூடியது.

தவணைப் படபடப்பையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் குழுக் கடனைச் சொல்லவில்லை. வெளியே இரண்டு மூன்று கம்பெனிகளில் நுண்கடன் வாங்கிவிட்டு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்கு ஓடுகிறவர்களைச் சொல்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி நுண்கடன் வசூலுக்கு காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே பாதி படபடப்பு குறைந்ததாக ஒரு உறுப்பினர் சொன்னார். மீதிப் பாதி கடனைக் கட்டினால்தான் குறையும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆகவே குழுவில் யாராவது 'படபடன்னு வருது' என்றால், கவலைப்படாதே என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அப்படிச் சொல்லி யாருக்கும் கவலை நின்றதாக நாங்கள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எப்ப இருந்து வருது? வேலை செய்யும்போதா, சும்மா இருக்கும்போதா? சாப்பிட்டாயா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? மாதவிலக்கு எப்படி? தூக்கம் வருதா? எதை நினைத்தால் அதிகமாகுது? இந்தப் பதில்களையே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கூடப் போங்கள். பாட்டி சொன்ன திருநீறை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, பூசிக்கொண்டு ஊசி போடப் போகலாம். ஒரு ஊக்குநர் இந்த விஷயத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப் போனார், நாங்கள் தடுத்தோம். இது குழுவின் கணக்கு இல்லை, ஒருத்தியின் மனசு.

அந்த நேரத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஊதாங்குழலில் சாம்பல் பறக்காமல் மெதுவாக ஊதுவோமே, அந்த மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை நீளமாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். பத்து தடவை செய்தால் நெஞ்சின் வேகம் தணியும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் கைவைத்தியம் போதாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022-இல் மத்திய அரசு தொடங்கியது, காசில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்று யாராவது சொன்னால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேச வையுங்கள், மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள்.

அந்த இரண்டாவது அக்கா பாறையில் ஏறிப் பேசினார். வீட்டுக்காரர் போன் நாற்பது நாள் கழித்து வந்தது, கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் இருந்தாராம். படபடப்பு உடனே நிற்கவில்லை. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

உங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்துக்கு வேறு என்ன வார்த்தை சொல்வீர்கள்? வயிற்றையும் நெஞ்சையும் ஈரக்குலையையும் நாங்கள் எழுதிவிட்டோம், விட்டுப்போனது நிறைய இருக்கும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக் கொண்டுவாருங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். சுகாதார நிலையத்தில் புதிதாக வரும் நர்சம்மாவுக்குக் கொடுக்க ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.